எழுபத்தொன்பது கிலோ

திருச்சி காந்தி மார்க்கெட்டில் முப்பத்தாறு வருஷம் மூட்டை சுமந்தவர் சின்னையா. வெங்காய மண்டியில் பாதிக் காலம், உருளைக்கிழங்கு மண்டியில் பாதிக் காலம். லாரி வந்து பின்கதவு திறந்ததும் திரும்பி நின்று முதுகைக் காட்ட வேண்டும்; மேலே நிற்பவன் மூட்டையைச் சாய்ப்பான். அப்படி வாங்கி வாங்கி அவருடைய பிடரியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. வலது முட்டியில் சவ்வு கிழிந்து, ஐம்பத்தெட்டாவது வயதில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வேலையை விட்டார். வீடு மார்க்கெட்டை ஒட்டிய தாராநல்லூரில்.

எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போடுகிற பழக்கம் அவருக்கு. மூட்டையைத் தொடாமலே சொல்லிவிடுவார், ஒரு கிலோ இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மனிதர்களையும் விடுவதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவரைப் பார்த்து, "எழுபத்தி ரெண்டு" என்று முணுமுணுப்பார். "மெதுவாங்க, காதுல விழுந்து தொலைக்கப் போவுது" என்று மனைவி பவுனம்மாள் தொடையில் இடிப்பாள்.

அவருடைய சம்பந்தி நல்லுசாமி தொண்ணூற்றாறு கிலோ.

நல்லுசாமிக்கு அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறை. பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகன் ரெங்கராஜ் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது கூடப் படித்த வைஷ்ணவியை விரும்பினான். வைஷ்ணவி சின்னையாவின் ஒரே மகள். மூட்டைக்காரன் வீட்டில் பெண் எடுப்பதா என்று நல்லுசாமி ஒன்றரை வருஷம் குதித்தார். மகன் அசையவில்லை. கடைசியில் சம்மதித்தார், ஆனால் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களிடமெல்லாம், "இவர்தான் சம்பந்தி. மார்க்கெட்ல ஹோல்சேல் பண்றார்" என்று அறிமுகம் செய்தார்.

முதல் ஆளிடம் சொன்னபோது சின்னையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் ஆளிடம் சொன்னபோது தலையாட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் தானே கைகொடுத்துச் சிரித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக வந்திருந்த மண்டி ஆட்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பக்கம் அவர் போகவே இல்லை.

ரெங்கராஜுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, குஜராத்தில் பாவ்நகருக்குப் போட்டார்கள். அங்கேயே பேரன் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, ஒரு ஜனவரியில், பெரியவர்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். இரண்டு ராத்திரி ரயில்.  நல்லுசாமி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டு கால் நகத்தைப் பிய்த்துக் கீழே போட்டார். பிய்த்த கையாலேயே பவுனம்மாள் கட்டிக்கொண்டு வந்த இட்லியை எடுத்தார். பாக்கை மென்று, வாஷ்பேசினில் துப்பித் தண்ணீர் விடாமல் வந்தார். துடைக்க வந்த ரயில்வே ஊழியரை, "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டார். சின்னையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் வாழ்கிற வீட்டின் தலைவர். என்ன சொல்ல முடியும்?

பாவ்நகரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பாலிதானா. ஜைனர்களின் மிகப் பெரிய புண்ணியத்தலம். சத்ருஞ்சயம் என்கிற அந்த மலை உச்சியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கோயில்கள். ஏறுவதற்கு மூவாயிரத்துக்கும் மேல் படிகள். "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பாக்காம போனா எப்படி?" என்று ரெங்கராஜ் கார் எடுத்தான். பவுனம்மாள் பேரனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டாள். சின்னையா, நல்லுசாமி, ரெங்கராஜ், வைஷ்ணவி நால்வரும் போனார்கள்.

அடிவாரத்தில் காலை ஏழு மணிக்கே கூட்டம். வெள்ளைப் புடவையில் பெண்கள் வெறுங்காலோடு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே எதுவும் சாப்பிடக் கூடாது, தோல் பொருள் கொண்டு போகக் கூடாது, இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று வைஷ்ணவி சொன்னாள். சின்னையா பெல்ட்டைக் கழற்றிக் காரில் வைத்தார்.

ஏற முடியாதவர்களுக்கு டோலி இருந்தது. ஒரு கனத்த மூங்கிலில் கயிற்றால் தொங்கவிட்ட சின்ன இருக்கை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எண்பது கிலோவுக்கு மேலிருந்தால் நான்கு பேர் தூக்குகிற நாற்காலி. அதற்காக ஒரு எடை மெஷின் வைத்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"அப்பா, உங்களுக்கு நாலு பேர் டோலி சொல்றேன்" என்றான் ரெங்கராஜ்.

நல்லுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு பேர் தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமா? ரெண்டு பேர் போதும்."

"ரெண்டு பேருக்கு எடை ஒத்து வராதுப்பா."

"ஏன் வராது? மெஷின்ல ஏறிப் பாக்கறேன்."

ஏறினார். கையில் வைத்திருந்த தடியை மெஷினுக்கு வெளியே தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன் மேல் சாய்த்தார். இடது கையால் பக்கத்துக் கம்பித் தடுப்பையும் லேசாகப் பிடித்துக்கொண்டார். சீட்டு எழுதுகிறவன் தலையை நிமிர்த்தவில்லை, எண்ணை மட்டும் பார்த்தான். எழுபத்தொன்பது.

ரெங்கராஜும் வைஷ்ணவியும் அந்தப் பக்கம் தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தது சின்னையா ஒருவர்தான். தராசில் என்னென்ன செய்யலாம் என்பது மார்க்கெட்டில் புழங்கிய அவருக்கு மனப்பாடம். பார்த்தார், வாயைத் திறந்தார், நல்லுசாமி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சின்னையா வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கண்சிமிட்டல்தான் அன்றைய நாளிலேயே அவருக்கு மிக அருவருப்பான விஷயம். நீயும் நானும் ஒரே ஆள்தான் என்று சொல்கிற கண்சிமிட்டல் அது.

தூக்க வந்தவர்களில் முன்னால் நின்றவர் முப்பது வயதுக்காரர், கட்டுமஸ்தான உடம்பு. பின்னால் நின்றவர் மாவ்ஜி. ஐம்பது இருக்கும். ஒல்லி. ஒரு துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டு அதன் மேல் மூங்கிலை வைத்தார். நல்லுசாமி உட்கார்ந்தார். இருவரும் எழுந்தார்கள். எழும்போது மாவ்ஜியின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. சின்னையா அதைப் பார்த்தார்.

"மாமா, நீங்களும் டோலில வாங்க. உங்க முட்டிக்கு இது ஆவாது" என்று ரெங்கராஜ் கெஞ்சினான்.

"வேணாம் மாப்ள. நான் மெதுவா வரேன்."

முட்டியில் துணிப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வாடகைக்குக் கிடைத்த கம்பை ஊன்றிக்கொண்டு சின்னையா ஏறினார். டோலிக்குப் பின்னால் பத்துப் படி தள்ளி. தள்ளிப் போகவும் முடியவில்லை, முந்திப் போகவும் முடியவில்லை. மாவ்ஜியின் கெண்டைக்கால் அவருடைய கண்ணுக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் அந்தச் சதை கல்லாகி, நடுங்கி, தளர்ந்தது. பதினேழு கிலோ அதிகம். சமதரையில் பதினேழு கிலோ ஒன்றும் பெரிதில்லை. படியில் அது வேறு. ஒரு காலில் நிற்கிற அந்த ஒரு நொடியில் பாரம் முழுவதும் முட்டிக்குள் இறங்கும். மலைக்கோட்டையில் தரை போட்டபோது சிமெண்ட் மூட்டை ஏற்றிய ஒரு மாதத்தில்தான் அவருடைய சவ்வு முதலில் கிழிந்தது.

நல்லுசாமி ஆடிக்கொண்டே போனார். போனில் படம் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துப் பிரித்துத் தின்றார்.

"மாமா, இங்க சாப்பிடக் கூடாது மாமா" என்றாள் வைஷ்ணவி.

"மேலதானே சாப்பிடக் கூடாதுன்னே? இன்னும் மேல போவலையே."

காகிதத்தைப் படியில் விட்டார். பின்னால் வந்த ஒரு வெள்ளைப்புடவை அம்மாள் குனிந்து அதை எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். அறுபத்தைந்து வயதாவது இருக்கும். முகத்தில் கோபம்கூட இல்லை. அதைப் பார்த்து நல்லுசாமி, "நல்ல ஜனங்க" என்றார். பிறகு பாக்குச் சாற்றைப் படியோரத்தில் துப்பினார். சிவப்பாக ஒரு கோடு கல்லில் வழிந்தது. சின்னையா அதைத் தாண்டிக் காலை வைக்கும்போது அவருக்கு நாக்கின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறியது.

ஆயிரத்தைந்நூறு படி வரை அப்படியே போயிற்று. பிறகு மாவ்ஜியின் மூச்சில் ஒரு விசில் சத்தம் சேர்ந்தது. சின்னையாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். மண்டியில் கூட வேலை பார்த்த ஒருவர் அப்படி மூச்சு விட்டுக்கொண்டே லாரியில் சாய்த்த பலகையிலிருந்து விழுந்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் மாவ்ஜியின் இடது முட்டி மடங்கியது. மூங்கில் சரிந்தது. முன்னாலிருந்தவர் இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்துத் தூக்குடா!" என்று கத்தினார் நல்லுசாமி.

சின்னையா எப்படி அந்தப் பத்துப் படியை ஏறினார் என்று அவருக்கே தெரியாது. டோலிக்கு முன்னால் போய் நின்றார்.

"எறங்குங்க சம்பந்தி."

"ஏன், வந்தாச்சா?"

"வரல. எறங்குங்க. அவரால முடியல."

"அது அவன் தொழில். முடியலன்னா அவன் சொல்லுவான். உங்களுக்கு என்ன?"

"நீங்க மெஷின்ல கம்பை ஊனினதை நான் பாத்தேன்."

ரெங்கராஜும் வைஷ்ணவியும் நின்றுவிட்டார்கள். நல்லுசாமியின் முகம் சிவந்தது. சின்னையா அவரை விட்டுவிட்டு மாவ்ஜியிடம் திரும்பினார். நாசிக்கிலிருந்து வெங்காயம் கொண்டு வருகிற லாரிக்காரர்களிடம் பழகிய இந்தி கொஞ்சம் அவரிடம் இருந்தது. "வஜன் ஜூட்டா" என்றார். எடை பொய். விரலால் காற்றில் ஒன்பது, ஆறு என்று எழுதிக் காட்டினார்.

மாவ்ஜியும் மற்றவரும் டோலியைத் தரையில் இறக்கினார்கள். மாவ்ஜி படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சின்னையாவுக்குப் புரியவில்லை. வைஷ்ணவிதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

"தெரியும்கிறாருப்பா. மொதல் படியிலயே தெரியுமாம். தோளுக்குத் தெரியாதான்னு கேக்கறாரு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சண்டை போட்டா அடுத்த வாட்டி சீட்டுக் குடுக்க மாட்டாங்களாம்."

 ஐம்பது என்று எழுதி அறுபத்திரண்டு கிலோவோடு வந்த மூட்டைகளை சின்னையாவும்தான் சுமந்தார். அவரும்தான் சொல்லவில்லை.

நல்லுசாமி எழுந்து நின்றார். இத்தனை வருஷமாக இருந்த 'வாங்க, போங்க' அந்தப் படியில் கழன்று விழுந்தது.

"என்னய்யா, நடு வழியில மானத்தை வாங்கறியா? எம் பையன் ஒம் பொண்ணைக் கட்டினதால நீயும் நானும் ஒண்ணாயிட்டமா? மூட்டை தூக்கினவன் புத்தி மூட்டை தூக்கறவன்கிட்டதான் போவும்."

"அப்பா!" என்றான் ரெங்கராஜ். அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. "இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடறேன்ப்பா. நாலு பேர் தூக்கட்டும்."

"எனக்குப் பாடை கட்டறியாடா?"

தடியை எடுத்துக்கொண்டு நல்லுசாமி கீழே இறங்க ஆரம்பித்தார். கணுக்கால் வீக்கம், நடக்கவே முடியவில்லை என்று மூன்று நாளாக வீட்டையே இரண்டாக்கியவர். குளிக்க வெந்நீரை அறைக்கே கொண்டுவரச் சொன்னவர். இப்போது ஆயிரத்தைந்நூறு படியையும் விறுவிறுவென்று இறங்கினார். தடி தரையைத் தொடவே இல்லை. சின்னையா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கால்கள். ஒரு குறையும் இல்லாத கால்கள். 

ரெங்கராஜ் அப்பாவின் பின்னால் ஓடினான். ஓடுமுன் மாவ்ஜியிடம் இந்தியில், "இவங்களோட மேல போயிட்டு வாங்க" என்று மாமனாரைக் காட்டிவிட்டுப் போனான். சின்னையா டோலியில் ஏறவில்லை. அப்பாவும் மகளும் நடந்தார்கள். காலி டோலி பின்னாலேயே வந்தது.

உச்சிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கோட்டைபோல் மதில். உள்ளே போனால் கோபுரத்தை ஒட்டிக் கோபுரம், எல்லாம் வெள்ளைப் பளிங்கு, வெயிலில் கண் கூசியது. ஒவ்வொரு சன்னிதியிலும் சம்மணம் போட்டு அமர்ந்த தீர்த்தங்கரர்கள். பளபளக்கிற கண்கள். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசை செய்கிறவர்கள் தங்கள் மூச்சுக்காற்று சாமி மேல் படாமல் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு கிழவர் உட்காரும் முன் மென்மையான துடைப்பத்தால் தரையைப் பெருக்கினார், எறும்பு ஏதும் நசுங்கிவிடாமல். கடலை மிட்டாய்க் காகிதத்தை எடுத்த அம்மாள் ஒரு தூணருகில் கண்மூடி நின்றிருந்தாள்.

அழகாகத்தான் இருந்தது. சின்னையாவால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ஒரு தூணின் மேல் கை வைத்தார். ஒன்றேகால் டன். அதை எத்தனை பேர், எத்தனை நாள், எந்தப் படி வழியாகக் கொண்டு வந்தார்களோ. கையை எடுத்துக்கொண்டார்.

"சாமி கும்பிடுங்கப்பா" என்றாள் வைஷ்ணவி.

"வரல கண்ணு."

நிழலில் உட்கார்ந்தார்கள். சின்னையா சொன்னார்: "அவரு கம்பை ஊனினப்பவே நான் சொல்லியிருக்கணும். ஆயிரத்தைந்நூறு படி பேசாம வந்தேன். ஒன் வாழ்க்கைக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு பாத்தேன்."

 வைஷ்ணவி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா."

"வேற யாருக்காக?"

"எங்க கல்யாணத்துல மாமா உங்களை ஹோல்சேல்னு சொன்னாங்க. நான் ஜோடிச்சு மேல மாடியில நின்னுட்டிருந்தேன். ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு. நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். சிரிச்சு சிரிச்சுக் கை குடுத்தீங்க. மண்டி மாமாங்க எல்லாரும் பின்னாடி உக்காந்திருந்தாங்க. என்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குக் கொண்டு போய் விட்டவங்க. அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசல." அவள் நிறுத்தினாள். "அன்னிக்கு மாமா மேல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. உங்களைப் பாத்துத்தாம்ப்பா அருவருப்பா இருந்துச்சு."

எதிரே சாமி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னையா பிடரியைத் தடவிக்கொண்டார். மகள் சொன்னது பொய்யில்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "ம்" என்றார்.  வைஷ்ணவி அழவில்லை. எழுந்து போய் அந்த வெள்ளைப்புடவை அம்மாள் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினார்கள். இறங்குவதுதான் முட்டிக்கு எமன். நானூறு படி வந்ததும் சின்னையாவின் வலது கால் கீழே வைக்க முடியாதபடி வீங்கிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து பார்த்தார். காவலாள் ஒருவன் வந்து, இருட்டுமுன் இறங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மாவ்ஜி டோலியை அவர் முன்னால் இறக்கி வைத்தார்.

"வேணாம்" என்றார் சின்னையா.

"அப்பா, வேற வழி இல்ல."

மாவ்ஜி அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். மூங்கில் எழுந்தது. கால் தரையை விட்டுப் போனது. ஒரு பொருளைத் தூக்குவது தவிர வேறெதையும் உடம்பால் செய்து அறியாதவர் அவர். இப்போது பின்னால், காதுக்குப் பக்கத்தில், இன்னொருவரின் மூச்சு. வியர்வை வாடை. அது அவருடைய சொந்தச் சட்டையில் முப்பத்தாறு வருஷம் அடித்த அதே வாடை.

"ஹல்கா" என்று மாவ்ஜி சொன்னார். லேசு என்று அர்த்தம். ஆறுதலாகத்தான் சொன்னார். சின்னையாவுக்கு அது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூடினால் மூச்சுச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. உடம்பைக் குறுக்கினார், குறுக்கினால் எடை குறையாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, "எறக்குங்க, எறக்குங்க" என்று கத்தினார். இறக்கியதும் படியோரம் குனிந்து வாந்தியெடுத்தார். காலையிலிருந்து வெறும் வயிறு. மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. மாவ்ஜி அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மலையிலிருந்து இறங்கி வருகிற யாத்ரீகர்களுக்கு அடிவாரத்தில் லட்டும் டீயும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பட்டினியாக ஏறி இறங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே நல்லுசாமியும் உட்கார்ந்திருந்தார். இலையில் இரண்டாவது லட்டு. மீசையில் பூந்தி ஒட்டியிருந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. "லட்டு பிரமாதம். நெய் தளும்புது. உக்காருங்க."

ரெங்கராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் காரை எடுத்து வரப் போனான். சின்னையா உட்காரவில்லை. மாவ்ஜி கூலியை வாங்கிக்கொண்டு, டோலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி நடந்து போனதை மட்டும் அவர் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பேரனுக்குக் காது குத்து. ஸ்ரீரங்கத்தில் நல்லுசாமி வீட்டில்தான். மகனும் மருமகளும் லீவு போட்டு வந்திருந்தார்கள். மாடியில் பந்தி. சொந்தபந்தம், பட்டறை ஆட்கள், தெருக்காரர்கள். சின்னையாவின் எதிர் வரிசையில் நல்லுசாமி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"மூவாயிரத்து ஐந்நூறு படி! ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. இந்த வயசுல நடந்தே ஏறி எறங்கினேன். மனசுல பக்தி இருந்தா போதும். நம்ம சம்பந்திக்குத்தான் முடியல பாவம், டோலில வந்தாரு."

பந்தி முழுக்க ஆச்சரியப்பட்டது. ஒருவர் சின்னையாவைப் பார்த்து, "அப்படிங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார். வைஷ்ணவி பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். அப்பாவையே பார்த்தாள்.

சின்னையா வாயிலிருந்த கவளத்தை விழுங்கினார். 

"ஆமாங்க, நான் டோலிலதான் எறங்கினேன்" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "முப்பத்தாறு வருஷம் மார்க்கெட்டுல மூட்டை தூக்கினதுல முட்டி போயிடுச்சு. ஆனா இவரு ஏறல. பாதி வழி ரெண்டு பேர் தோள்ல போனாரு. மெஷின்ல எடையை ஏமாத்திட்டுப் போனாரு. ஏன்னு கேட்டதுக்கு என்னை வாயில வந்தபடி பேசிட்டுக் கீழ எறங்கிப் போய் லட்டு தின்னாரு."

 கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நல்லுசாமி சிரிக்க முயன்றார். "சம்பந்திக்கு வயசாச்சு, என்னமோ..." என்று மகனைப் பார்த்தார். ரெங்கராஜ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "மாமா சொல்றது நெஜம்தாம்ப்பா" என்று மெதுவாகச் சொன்னான்.

சின்னையா பாதி இலையில் எழுந்தார். அப்படி எழுவது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று அவருக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு, பவுனம்மாளை அழைத்துக்கொண்டு, அம்மா மண்டபம் வரை நொண்டிக்கொண்டே நடந்து பஸ் ஏறினார். சந்தோஷம் ஒன்றும் இல்லை. சொல்லி முடித்துவிட்டால் அந்தக் கசப்பு போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. வழியெல்லாம் எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நல்லுசாமி தாராநல்லூர்ப் பக்கம் வரவில்லை. வைஷ்ணவி முன்பு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். இப்போது தினமும் செய்கிறாள். ரெங்கராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலிதானா போய் மாவ்ஜியைத் தேடியிருக்கிறான். இடுப்பு வலி என்று மலைக்கு வருவதை நிறுத்தி நாளாகிவிட்டது, எந்த ஊர் என்று தெரியாது என்றார்களாம். அதைக் கேட்ட அன்று சின்னையா சாப்பிடவில்லை.

மே மாதம் பட்டறை ஆள் ஒருவர் வந்து ஒரு கூடை மாம்பழத்தை வைத்துவிட்டுப் போனார். சம்பந்தி அனுப்பினாராம். பவுனம்மாளுக்கு வாய்கொள்ளாத சந்தோஷம். "பாத்தீங்களா, அவரே எறங்கி வராரு. நீங்களும் ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாங்களேன். பொண்ணு வாழற எடம்."

"என்னால முடியாது."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியாது. அந்த ஆளைப் பாத்தா குமட்டுது. நான் என்ன செய்ய?"

அவள் ஒரு பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். நல்ல இமாம்பசந்த். வாசனை வீடு முழுக்க அடித்தது. சின்னையா ஒரு துண்டைக் கையில் எடுத்தார். வாய்வரை கொண்டு போனார். திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"பழம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் பவுனம்மாள்.

"பழம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவ எழுந்து போனார்.